சமூகவியற் சிறப்புப் பட்டம் வேண்டுவது யாது?

சமூகவியலைச் சிறப்புப் பாடமாகக் கொள்ள விழையும் எம் மாணவர், அப்பட்டம் வேண்டி நிற்பவற்றை முதற்கண் அறிதல் நன்று. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் அது நான்காண்டுக் கற்கை. ஏறத்தாழ 120 அலகுகளை உடையது. முதலாண்டிற் பிற கலைப் பாடங்களுடன் சமூகவியல் அறிமுகம், பின்னர்க் கோட்பாடு, ஆய்வுமுறை, புள்ளிவிபரவியல், ஈற்றில் ஆய்வேடு.

இவற்றை ஒன்றோடொன்று தொடர்பிலாத் தடைகளெனக் கருதுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. தற்கொலை வீதம் சமூகப் பிணைப்பின் தன்மைக்கேற்ப மாறுமென எமில் டேர்க்கைம் 1897இல் வாதித்தார். கோட்பாடு வினாவைத் தந்தது, எண்கள் சான்றளித்தன. இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிறைஸ் றயன் 1953இல் வெளியிட்ட சாதியமைப்புப் பற்றிய நூலோ, சிங்களக் கிராமங்களிற் செய்த களஆய்வையும் ஆதாரமாகக் கொண்டது.

ஆய்வேட்டில் இம்மூன்றும் ஒருங்கு சேரல் வேண்டும். அதனோடு நான்காவதொன்றும் உண்டு. பிறர் வாயிலில் நின்று வினவுவோர், அவர்தம் இசைவைப் பெறுதலும் பெயரை மறைத்துக் காத்தலும் கடன். நம்பி உரைத்தவர் சொல் ஊரிற் பரவி அவர் இடருறுவாராயின், எவ்வுயர் புள்ளியும் அதற்கு ஈடாகாது.

ஆதலின் எம் மாணவர், இரண்டாமாண்டிலேயே தமக்குரிய வினாவைத் தேர்ந்து, கணக்கிற்கு அஞ்சாது பயின்று, களத்திற் பணிவோடு புகுவாராக.