மீனெண்ணெயும் மகப்பேறும்

மகப்பேறு தாமதமாயின் மனைவியையே குறை கூறுவது வழக்கமாயிருக்கிறது. கணவனிடத்தும் காரணம் இருக்கக்கூடும் என்பதை அங்கத்தினர்கள் உணர்தல் வேண்டும்.

டென்மார்க்கில் படைத்தகுதிப் பரிசோதனைக்கு வந்த இளைஞருள் 1,679 பேரை ஆராய்ந்த முடிவு 2020-இல் வெளியாயிற்று. அவர்களுள் மீனெண்ணெய் மாத்திரை உட்கொண்டோர் 98 பேரே. அவர்களுக்கு விந்தின் அளவு சற்று மிகுந்திருந்தது. ஆயினும், மீனெண்ணெயே அதற்குக் காரணம் என்று இதைக் கொண்டு துணிய இயலாது.

குடல் அழற்சி உடைய ஆடவர் அறியவேண்டுவது வேறொன்று. பெருங்குடல் அழற்சிக்குத் தரப்படும் சல்பாசலசீன் என்னும் மருந்து, விந்தணுக்களின் எண்ணிக்கையையும் இயக்கத்தையும் குறைக்கக்கூடும். இக்குறை நிலையானதன்று. விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். ஆதலின், மருந்தை மாற்றிய இரண்டு மூன்று மாதங்களில் பெரும்பாலும் நிலைமை சீராகும். மெசலசீன் போன்ற மாற்று மருந்துகள் உள்ளன.

எனினும், மருத்துவரைக் கேளாது மருந்தை நிறுத்தலாகாது. அழற்சி மீண்டும் மூளும். மீனெண்ணெய் அம்மருந்துக்கு ஈடாகாது. குரோன் என்னும் குடல் நோய் திரும்புவதை மீனெண்ணெய்ச் சத்து தடுக்கவில்லை என்று 2008-இல் வெளியான இரு பெருஞ்சோதனைகள் காட்டின.

ஆகவே, மகவை விரும்பும் ஆடவர் தாம் உண்ணும் மருந்துகளை மருத்துவரிடம் மறையாது கூறுக. கணவனும் மனைவியும் ஒருங்கே பரிசோதனை செய்துகொள்வதே முறையாகும்.