முந்தும்போது மோதல்: பழுதுச் செலவு யார் தலையில்?

கேள்வி: பைக்கில் முந்திக்கொண்டிருந்தபோது, முன்னால் போன கார் இண்டிகேட்டர் போடாமல் வலப்பக்கம் திரும்பி இடித்துவிட்டது. கார்க்காரர் என் மீதே பழி போடுகிறார். பழுதுச் செலவை யாரிடம் கேட்பது?

பதில்: முதலில் உங்கள் பாலிசியைப் பிரித்துப் பாருங்கள். வெறும் மூன்றாம் நபர் காப்பீடு என்றால், உங்கள் வண்டிக்கு அதிலிருந்து ஒரு பைசா வராது. மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கார்க்காரர் மீதும் அவருடைய காப்பீட்டு நிறுவனத்தின் மீதும் மனுப் போட வேண்டும். அங்கே, சந்திப்பருகே முந்தினீர்கள் என்று தெரிந்தால் தவறில் ஒரு பங்கு உங்களுக்கும் உண்டு. காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால் இந்த வம்பே வேண்டாம். உங்கள் காப்பீட்டு நிறுவனத்தின் சர்வேயர் வந்து பார்க்கும்முன் மெக்கானிக் ஸ்பானரைத் தொடாமல் இருந்தால் போதும். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் என்று 50% கழிப்பார்கள், அதைக் கழிக்காத ஜீரோ டெப் காப்பீடு எடுத்திருந்தால் ஒழிய. உடைந்தது கண்ணாடியும் பிரேக் லீவரும் மட்டும்தானா? கைக்காசில் மாற்றிவிடுங்கள். க்ளெய்ம் செய்தால் நோ க்ளெய்ம் போனஸ் போய்விடும்.