இணையம் இழுபடுவது எங்கே?

பொழுதுபட்டால் கொக்குவிலில் எத்தனையோ வீடுகளில் லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் பிள்ளையோடு வீடியோவில் கதைப்பார்கள். பாதியில் படம் உறைந்துவிடும். "பெரிய பக்கேஜ் ஒன்றுக்கு மாறுவம்" என்பதே உடனே எழும் பேச்சு.

நம்பிக்கை: மெகாபிட் கூடினால் பக்கம் உடனே திறக்கும்.

உண்மை: அனுப்பும் கணினிக்குப் பாதையின் கொள்ளளவு தெரியாது. வழக்கமாக முதலில் 10 பொதிகளை (தரவின் சிறு துண்டுகளை), ஏறக்குறைய 14 கிலோபைட்டை, அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்கும். பதில் வந்தால் 20, பிறகு 40, 80. 200 கிலோபைட் பக்கத்துக்கு இப்படி 4 முறை போய்வர வேண்டும். பக்கம் லண்டனிலிருந்து வருமானால், தூரம் நேர்கோட்டில் சுமார் 8,500 கிலோமீற்றர். கண்ணாடி இழையில் ஒளி செக்கனுக்கு 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். ஒருமுறை போய்வரக் குறைந்தது 85 மில்லிசெக்கன் வேண்டும். எந்தப் பக்கேஜாலும் இதைக் குறைக்க முடியாது.

நம்பிக்கை: ஒரு பொதிகூடத் தொலையக்கூடாது, ரவுட்டரில் நிறையத் தேக்கிவைக்க இடமிருப்பது நல்லது.

உண்மை: அதிகம் கெடுதல் செய்வது இந்த நம்பிக்கைதான். 1986 ஒக்ரோபரில் கலிபோர்னியாவில், லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்துக்கும் அருகிலிருந்த பல்கலைக்கழகத்துக்கும் இடையே செக்கனுக்கு 32,000 பிட் ஓடிய இணைப்பு 40 பிட்டுக்கு விழுந்தது. தூரம் வெறும் 400 யார். நெரிசல் வந்தபோதும் கணினிகள் தணியாமல் அனுப்பிக்கொண்டே இருந்தன. பொதி தொலைந்தால் அதையே எச்சரிக்கையாகக் கொண்டு வேகத்தைக் குறைக்கும் முறையை வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்டார். இன்றைய இணையம் விழாமல் நிற்பது அந்த வழியில்தான்.

பெரிய தேக்கம் அந்த எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. 1 மெகாபிட் அப்லோட் இணைப்பில் 256 கிலோபைட் தேங்கினால் அது வடிய 2 செக்கன். மாதச் சாமான் துண்டோடு நிற்பவருக்குப் பின்னால், ஒரு நெருப்புப்பெட்டி வாங்கச் சங்கக்கடைக்கு வந்த பிள்ளை காத்து நிற்பதுபோல, கைபேசி ஏற்றும் நூறு படங்களுக்குப் பின்னால் உங்கள் குரல் நிற்கிறது.

இந்தத் தேக்கத்துக்கு மருந்தாக 2012இல் கத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் கொடெல் என்ற முறையைத் தந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை. ஒவ்வொரு பொதியும் எவ்வளவு நேரம் நின்றது என்றே பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிசெக்கனுக்கு மேல் நீடித்தால் பொதியைக் கைவிட்டு அனுப்புநருக்கு உணர்த்துகிறது. அதிலிருந்து வளர்ந்த எஃப்கியூ கொடெல் நெருப்புப்பெட்டிப் பிள்ளையை முன்னுக்கு விடுகிறது. 2016இல் கூகிள் வெளியிட்ட பிபிஆர் என்ற அனுப்பும் முறை, பொதி தொலையும்வரை காத்திராமல் பாதையின் வேகத்தையும் தாமதத்தையும் தானே அளக்கிறது.

நம்பிக்கை: வேகச் சோதனையில் எண் பெரிதாக வந்தால் இணைப்பு நல்லது.

உண்மை: அந்த எண் தாமதத்தைச் சொல்லாது. பெரிய வீடியோ ஒன்றை அப்லோட் செய்துகொண்டே பிங், அதாவது ஒரு பொதி போய்வரும் நேரம், எத்தனை மில்லிசெக்கன் என்று பாருங்கள். முப்பது நாற்பதில் இருந்தது ஆயிரத்துக்கு ஏறினால் குற்றம் வரிசையில். உங்கள் ரவுட்டரில் வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்கியூஎம் என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்கி, அப்லோட் எல்லையை அளந்த வேகத்தின் நூற்றுக்குத் தொண்ணூறில் வையுங்கள். இல்லாவிட்டால் படங்கள் தானாக ஏறுவதை இரவு எல்லோரும் படுத்த பிறகுக்குத் தள்ளிவையுங்கள். புதிய பக்கேஜுக்குக் காசு கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள்.