டிராவல் கேமரா மாத்தப் போறியா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டுக் கடைக்குப் போ!

ஊர் சுத்தறதுக்குன்னு எப்பவோ வாங்கின சின்ன கேமரா இப்போ தகராறு பண்ணுது. பட்டனை அழுத்தினா லென்ஸ் பாதி வந்து நிக்குது, பேட்டரி மத்தியானத்துக்குள்ள கையை விரிக்குது. புதுசு வாங்க வேண்டியதுதான். ஆனா ஒரு விஷயத்தை மனசுல போட்டுக்கிட்டுக் கிளம்பு. கேமரா கைப்பையில அடங்கணும், தூரத்துல இருக்கறதை எட்டிப் பிடிக்கணும், மங்கலான வெளிச்சத்துலயும் படம் தெளிவா வரணும்னு எல்லாரும் ஆசைப்படறோம். இந்த மூணும் சேர்ந்து ஒரே கேமராவுல கிடைக்காது. ரெண்டுதான் கிடைக்கும். எந்த ரெண்டு வேணும்னு நீ முடிவு பண்ணிட்டா, கடைக்காரர் உன்னைக் குழப்ப முடியாது.

முதல்ல பழைய படங்களைப் புரட்டு

உன் தேவை என்னன்னு உன் பழைய படங்களே சொல்லிடும். கம்ப்யூட்டர்ல ஒரு படத்தை ரைட் கிளிக் பண்ணி, ப்ராப்பர்ட்டீஸ்ல 'டீடெய்ல்ஸ்' பகுதியைத் திற. 'ஃபோக்கல் லெங்த்'னு ஒரு எண் இருக்கும். சாதாரண காம்பாக்ட் கேமராவுல அது 4, 5 மி.மீ.ன்னு இருந்தா, நீ ஜூமைத் தொடவே இல்லைன்னு அர்த்தம். 50, 100ன்னு இருந்தா, தூரத்துல இருக்கறதைத்தான் உன் கை தேடுது. பக்கத்துலயே 'ஐ.எஸ்.ஓ.' எண்ணையும் பாரு. பல படங்கள்ல 800, 1600ன்னு ஏறியிருந்தா, நீ அதிகமா எடுக்கறது சாயங்காலத்துலயும் கட்டடத்துக்குள்ளயும்தான். கடைசி ரெண்டு மூணு டூர் படங்களைப் பார்த்தாலே விஷயம் விளங்கிடும்.

எடை ஒண்ணு, குணம் வேற

மூணுல ரெண்டுன்னு ஏன் சொன்னேன்னு இந்தக் கேமராக்களைப் பார்த்தா புரியும். மூணும் கிட்டத்தட்ட 300 கிராம். இனி நான் சொல்ற மி.மீ. எல்லாம் 35 மி.மீ. ஃபிலிமுக்கு ஈடான கணக்கு, உன் பழைய படத்துல பார்த்த எண்ணோட குழப்பிக்காதே.

* கேனான் எஸ்.எக்ஸ். 740 ஹெச்.எஸ். (2018): 24-960 மி.மீ., அதாவது 40 மடங்கு ஜூம். ஆனா சென்சார் சின்னது, 6 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல் அகலம்தான். முழு ஜூம்ல லென்ஸ் துவாரம் எஃப் 6.9க்குச் சுருங்கிடும் (இந்த எண் கூடினா உள்ளே வர்ற வெளிச்சம் குறையும்). வெயில்ல ராஜா, பொழுது சாய்ஞ்சா திணறும்.
* கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3 (2019): ஜூம் 24-100 மி.மீ. மட்டும்தான். ஆனா '1 இன்ச்' சென்சார், லென்ஸ் எஃப் 1.8-2.8. விளக்கு வெளிச்சத்துலயும் சமாளிக்கும்.
* சோனி ஆர்.எக்ஸ். 100 மார்க் 7 (2019): அதே அளவு சென்சார், 24-200 மி.மீ. ஜூம். அதுக்கு விலையா லென்ஸ் எஃப் 2.8-4.5 ஆகிடுச்சு. பர்ஸுக்கும் கொஞ்சம் கனம்!

இந்த 1 இன்ச் சென்சாரோட உண்மையான அளவு 13.2 x 8.8 மி.மீ. சின்ன சென்சாரைவிடப் பரப்பு நாலு மடங்கு. பெரிய முற்றத்துல மழைத் தண்ணி நிறைய விழற மாதிரி, பெரிய சென்சார்ல வெளிச்சம் நிறைய விழும். ஆனா சென்சார் பெருசானா, அதே ஜூமுக்கு லென்ஸும் பெருசாகணும். சோனி ஆர்.எக்ஸ். 10 மார்க் 4ல 1 இன்ச் சென்சாரும் இருக்கு, 600 மி.மீ. வரைக்கும் ஜூமும் இருக்கு. எடை ஒரு கிலோவுக்கு மேல! அந்தப் பக்கம் ரிக்கோ ஜி.ஆர். 3ஐப் பாரு. இன்னும் பெரிய ஏ.பி.எஸ்.-சி சென்சார், 257 கிராம்தான். ஆனா ஜூமே கிடையாது. மாடல்கள் வரும் போகும், இந்தக் கணக்கு மட்டும் மாறாது.

எங்கே போறே?

* கோயில், சிற்பம்: தஞ்சைப் பெரிய கோயில் விமானம் சுமார் 216 அடி. பிராகாரத்துல நின்னு முழுசா அடக்க 24 மி.மீ. அகலம் வேணும், 28ல ஆரம்பிக்கற லென்ஸ்னா இன்னும் பின்னாடி போகணும். தாராசுரத்துல காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துக்கற சிற்பம் இருக்கே, அது சின்னது. அதுக்குக் கிட்டத்துல ஃபோகஸ் ஆகணும். மண்டபத்து இருட்டுக்குப் பெரிய சென்சாரும், கை நடுங்கினாலும் படம் கலையாத ஸ்டெபிலைசேஷனும் முக்கியம். தொல்லியல் துறை இடங்கள்ல ட்ரைபாடுக்குத் தனி அனுமதி வாங்கணும். மதுரை மீனாட்சியம்மன் கோயில் மாதிரி, உள்ளே கேமராவையே விடாத இடங்களும் உண்டு, விசாரிச்சுட்டுக் கிளம்பு.
* பறவை: வேடந்தாங்கல்ல கரையில நின்னா, மஞ்சள் மூக்கு நாரை ஏரி நடுவுல இருக்கற மரத்துல உட்கார்ந்திருக்கும். 100 மி.மீ.ல அது வெறும் புள்ளி. இங்கே நீள ஜூம்தான் கை கொடுக்கும். நல்லா வெளிச்சம் வந்த பிறகு போய்ச் சேரு.
* கடற்கரை, அருவி: காம்பாக்ட் கேமராவோட பெரிய எதிரி மணல். நீண்டு சுருங்கற லென்ஸ் இடுக்குல ரெண்டு மணல் புகுந்தாலே அது அப்படியே மாட்டிக்கும். தனுஷ்கோடி, குற்றாலம்னு சுத்தறவங்க ஓ.எம். சிஸ்டம் டி.ஜி. 7 மாதிரி ஒண்ணைப் பார்க்கலாம். 15 மீட்டர் ஆழம் வரை தண்ணி போகாது, லென்ஸும் வெளியே நீளாது. சென்சார் சின்னதுதான், அதைப் பொறுத்துக்கணும்.

கடையில கூச்சப்படாதே

உன் மெமரி கார்டை எடுத்துட்டுப் போ. கடையோட இருட்டு மூலையை ஒரு படம், எதிர்க்கடை போர்டை முழு ஜூம்ல ஒரு படம், கைல இருக்கற மோதிரத்தைக் கிட்டத்துல ஒரு படம் எடு. கேமரா ஸ்க்ரீன்ல எல்லாமே அழகாத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து பெரிய திரையில பார்த்து முடிவு பண்ணு.

பெட்டியில 'டிஜிட்டல் ஜூம்'னு பெரிய எண் போட்டிருந்தா கண்டுக்காதே. அது படத்தை வெட்டிப் பெருசாக்கற வேலை, நம்ம போன்லயே முடியும். 'ஆப்டிகல் ஜூம்' மட்டும்தான் கணக்கு. மெகாபிக்ஸலுக்கும் மயங்காதே. மேலே சொன்ன அந்த 300 கிராம் கேமரா மூணுமே சுமாரா 20 மெகாபிக்ஸல்தான், படத்துல எவ்வளவு வித்தியாசம் பாரு!

வாசலுக்கு வந்து வெயில்லயும் ஒரு தடவை பிடிச்சுப் பாரு. மாமல்லபுரம் உச்சி வெயில்ல ஸ்க்ரீன்ல உன் முகம்தான் தெரியும். கண்ணை வெச்சுப் பார்க்கற வ்யூஃபைண்டர் அப்பதான் அருமை. ஆர்.எக்ஸ். 100 மார்க் 7ல அது உண்டு, மத்த ரெண்டுலயும் இல்லை.

ஜி.எஸ்.டி. பில், கம்பெனியோட இந்திய வாரன்ட்டி கார்டு ரெண்டும் கைக்கு வராம பணம் கொடுக்காதே. சில ஆயிரம் குறைச்சுத் தர்ற 'இம்போர்ட்டட்' பெட்டி, ரிப்பேருக்குப் போகும்போதுதான் நிஜ விலையைக் கேக்கும்.

பட்ஜெட்ல இதையும் எழுது

* கூடுதல் பேட்டரி: இந்த வகை கேமராக்கள் ஒரு சார்ஜுக்கு 250 படம் அளவுலதான் தாங்கும். இன்னொண்ணு கட்டாயம். விமானத்துல போனா, உபரி பேட்டரியை செக்-இன் பெட்டியில போடக் கூடாது, கைப்பையிலதான் வெக்கணும்.
* மெமரி கார்டு: 4கே வீடியோ எடுப்பேன்னா வி30 குறியீடு இருக்கற கார்டு வாங்கு. 100 மெகாபிட் தரத்துல ஒரு நிமிஷ வீடியோ 750 எம்.பி. சாப்பிடும். பழைய கேமராவுல இருந்த 4 ஜி.பி. கார்டு அஞ்சு நிமிஷத்துல நிரம்பிடும்.
* சார்ஜர்: யூ.எஸ்.பி. சி போர்ட் இருக்கறதா பார்த்து வாங்கினா, தனி ஒயரைச் சுமக்க வேண்டாம்.

செகண்ட் ஹேண்டா?

தாராளமா வாங்கலாம், மூணு சோதனை பண்ணிட்டு. லென்ஸை முழுசா நீட்டி, போன் டார்ச்சைச் சாய்வா அடிச்சுப் பாரு. உள்ளே சிலந்தி வலை மாதிரி இழை தெரிஞ்சா பூஞ்சை, தொடாதே. நம்ம கடலோர ஈரக் காத்துக்கு இது சகஜம். அடுத்து, வெள்ளைச் சுவரை எஃப் 8, 11ன்னு வெச்சு ஒரு படம் எடு. ஜி7 எக்ஸ், ஆர்.எக்ஸ். 100 ரெண்டுலயும் இப்படி வெக்க முடியும். படத்துல ஒரே இடத்துல கறுப்புப் புள்ளி நின்னா, சென்சார்ல தூசி. காம்பாக்ட்ல அதைத் துடைக்கணும்னா கேமராவையே பிரிக்கணும். கடைசியா, பத்துப் பதினஞ்சு தடவை ஆன்-ஆஃப் பண்ணிப் பாரு. லென்ஸ் தயங்கினாலோ கரகரன்னு சத்தம் போட்டாலோ நன்றி சொல்லிட்டு நடையைக் கட்டு.

வாங்கின கையோட

டூருக்கு ஒரு வாரம் முன்னாடியே வாங்கு. தேதி, நேரத்தைச் சரி பண்ணு, போனுக்குப் படம் மாத்தற ஆப்பை வீட்டு வைஃபையிலேயே இணைச்சுப் பழகு. வீட்டுக்கு வந்ததும் டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட வெச்சு மூடு. லெதர் உறைக்குள்ள மாசக்கணக்கா விட்டா பூஞ்சைக்கு விருந்துதான். பழைய கேமராவை யாருக்காவது கொடுக்கறதுன்னா, கார்டை உருவிக்கிட்டு, கேமராவோட உள் மெமரியையும் அழிச்சுட்டுக் கொடு.

இன்னொண்ணையும் சொல்லிடறேன். பழைய படங்களைப் புரட்டினப்போ ஜூமும் இல்லை, இருட்டும் இல்லை, எல்லாமே பகல் வெளிச்சத்துல குடும்பத்தோட நின்ன படங்கள்தான்னு தெரிஞ்சுதா? அதுக்கு உன் போனே தாராளம். கேமராவுக்கு வெச்ச காசுல இன்னொரு ஊருக்கு டிக்கெட் போடு!