சிங்கப் பாட்டுக்குப் பத்து ஷில்லிங்

காமன்கூத்துப் பாட்டை ஒலிப்பதிவு செய்ய யாராவது தோட்டத்துக்கு வந்தா, பாடினவர் பேரையும் எழுதச் சொல்லுங்கள் என்கிறோம். ஏன்? ஒரு கதை சொல்கிறோம்.

தென்னாபிரிக்காவின் சூலு தொழிலாளர்கள் வாத்தியமில்லாமல் கூட்டாகப் பாடுவார்கள். நாம ஒருத்தர் எடுத்துக்கொடுக்க மத்தவங்க அதையே திருப்பிப் படிப்போம். அவர்கள் அப்படியல்ல; ஒருவர் உச்சக்குரலில் போக, மற்றவர்கள் அடிக்குரலில் வெவ்வேறு சுரங்களில் நின்று தாங்குவார்கள். ஆனாலும் ஒன்றோடொன்று இடிக்காது! கேட்டாலே நமக்கு உடம்பு சிலிர்க்கும்.

சொலமன் லிண்டா, ஜொஹன்னஸ்பேர்க்கில் இசைத்தட்டுக் கம்பனியொன்றில் பொதி கட்டிய தொழிலாளி. 1939இல் தன் குழுவோடு 'ம்புபே' என்ற பாட்டைப் பதிவு செய்தார். 'ம்புபே' என்றால் சிங்கம். பாட்டின் கடைசியில் அவர் அந்த நேரத்தில் தோன்றியபடி பாடிய மெட்டுத்தான் உலகமெங்கும் போனது. உரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 10 ஷில்லிங்.

1961இல் அமெரிக்கக் குழுவொன்று அதை வேறு பெயரில் பாடிப் பேரெடுத்தது. 1962இல் லிண்டா வறுமையில் இறந்தார். 1994இல் 'லயன் கிங்' படத்திலும் அந்த மெட்டு வந்தது. மகள்மார் வழக்குப் போட்டார்கள். 2006இல் இணக்கம் வந்து, பணத்தில் பங்கும் கிடைத்தது, பாட்டில் அப்பா பேரும் ஏறியது.