நம்ம ஆளுங்களை எங்கே தேடுவது?



போன மாதம் எளாவூரில் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் திருப்பம் எல்லாம் முடிந்து தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடும் நேரம். பனையோலைப் பெட்டி முடையும் ஒரு உறுப்பினர் எங்களிடம் இப்படிக் கேட்டார்:

"மேடம், நாலு வருசமா பொட்டி படம் எடுத்து ஃபோன்ல போட்டுக்கிட்டு இருந்தேன். மணப்பாடு பக்கம் முடையிற ஒரு அக்கா பழக்கமானாங்க. எங்கம்மா போட்ட மூடிப் பின்னல் எனக்கு வரல. அம்மாவும் போய்ச் சேந்துட்டாங்க. அந்த அக்கா சொல்லித் தரேன்னாங்க. ஒரு நாள் காலையில பாத்தா கணக்கு மூடிக் கிடக்கு. நம்பர்கூட வாங்கி வைக்கல. இனிமே அவங்கள எங்க போய்த் தேடுவேன்?"

அவர் பிறந்த ஊர் பழவேற்காடு. அங்கே பெண்கள் ஓலை முடைவது நமக்குத் தெரிந்ததுதான். கணக்கை மீட்க மனுப் போட்டுப் பார்த்தோம், பதில் வரவில்லை. அவருக்குச் சொல்லத் தேடியதைத்தான் இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

சாவி ஒருவர் கையில் இருந்தால்

இது அவருக்கு மட்டும் நடந்ததல்ல. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு 59 ஆப்களுக்குத் தடை போட்டது. அதில் டிக்டாக்கும் ஒன்று. அதில் ஆடிப் பாடிப் பேசிப் பழகிய கிராமத்துப் பெண்கள் எத்தனையோ பேர். ஒரே ராத்திரியில் அவர்களைப் பார்த்துவந்த கூட்டம் கலைந்துபோனது. நம் நாட்டிலேயே 2020-ல் வந்த 'கூ' என்ற தளத்தில் தமிழிலும் எழுத முடிந்தது. 2024 ஜூலையில் அதுவும் மூடப்படுவதாக அறிவித்துவிட்டார்கள்.

காரணங்கள் வேறு வேறு. ஆனால் ஒரு விஷயம் பொது. கட்டடமும் சாவியும் ஒரே கையில் இருந்தது. கதவு மூடினால் உள்ளே இருந்த எல்லோரும் வெளியே.

கூட்டமைப்பு நமக்குப் புதிதா?

இதற்கு மாற்றாக இன்னொரு வகைத் தளங்கள் இருக்கின்றன. இவற்றில் பலரும் அறிந்தது மஸ்டோடான். ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ராஹ்கோ என்ற இளைஞர் 2016-ல் இதை வெளியிட்டார். படங்களுக்கு பிக்சல்ஃபெட், வீடியோவுக்கு பியர்டியூப் என்று இதே வகையில் வேறு தளங்களும் உண்டு.

இது எப்படி நடக்கிறது? நம் குழுக்களை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு குழுவுக்கும் தனி விதி, தனி நோட்டு, தனி ஊக்குநர். ஆனால் எல்லாக் குழுக்களும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் சேர்ந்திருக்கின்றன. ஒரு குழு நின்றுபோனால் மற்ற குழுக்கள் நின்றுபோவதில்லை.

அதேபோல்தான் இங்கும். ஆயிரக்கணக்கான சர்வர்கள். ஒவ்வொன்றையும் ஒரு தனி ஆளோ ஒரு சங்கமோ நடத்துகிறது. ஜியோ வைத்திருப்பவர் ஏர்டெல் வைத்திருப்பவரிடம் பேசுவதுபோல, ஒரு சர்வரில் இருப்பவர் இன்னொரு சர்வரில் இருப்பவரோடு பேசலாம். அதற்கான பொதுவான முறையை டபிள்யூ3சி என்ற உலக அமைப்பு 2018-ல் ஏற்றுக்கொண்டது. 'சோஷியல்.கோஆப்' என்ற சர்வரை 2017 முதல் கூட்டுறவாகவே நடத்துகிறார்கள். உறுப்பினர்கள் பணம் போட்டு, கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். நம்ம வழிதானே!

போனவர்கள் ஏன் திரும்பினார்கள்?

2019-ல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டது. அந்த நவம்பரில் நம் நாட்டில் நிறையப் பேர் மஸ்டோடானுக்குப் போனார்கள். கொஞ்ச நாளில் பலர் திரும்பி வந்துவிட்டார்கள். "அங்க ஆளே இல்ல" என்றார்கள்.

ஆள் இருந்தார்கள். ஆனால் தேடவில்லை. பெரிய தளங்களில் நாம் தேடாமலே ஏதாவது ஒன்றைக் கண்முன் தள்ளிக்கொண்டே இருப்பார்கள். மஸ்டோடானில் அப்படி யாரும் தள்ளுவதில்லை. நாம் யாரைப் பின்தொடர்கிறோமோ அவர்கள் எழுதியதும் பகிர்ந்ததும் வரிசையாக வரும். முதல் நாள் பக்கம் காலியாகத்தான் இருக்கும். குழு ஆரம்பித்தபோது நாம் வீடு வீடாகப் போய் ஆள் சேர்க்கவில்லையா? அந்த வேலைதான் இது.

தேடும் வழி

1. வீடு பார்த்துக் குடிபோங்கள். மஸ்டோடானின் சொந்தப் பக்கத்தில் சர்வர்களின் பட்டியல் இருக்கிறது. தலைப்பு, பகுதி வாரியாகப் பார்க்கலாம். சேரும் முன் அந்த சர்வரின் விதிகளைப் படியுங்கள். பெண்களை இழிவாகப் பேசினால் நடவடிக்கை உண்டா என்று பாருங்கள். அந்தப் பட்டியலில் இடம்பெற சர்வர் நடத்துவோர் சில உறுதிகள் தர வேண்டும். தினமும் நகல் எடுக்க வேண்டும். மூடுவதென்றால் குறைந்தது 3 மாதம் முன்பே சொல்ல வேண்டும்.

2. அறிமுகம் செய்துகொள்ளுங்கள். "எளாவூர்ப் பக்கம், பனையோலைப் பெட்டி முடைகிறேன், மூடிப் பின்னல் தெரிந்தவர்களைத் தேடுகிறேன்" என்று தெளிவாக எழுதுங்கள். இன்ட்ரடக்‌ஷன் என்ற ஹேஷ்டேக் போட்டு அறிமுகம் எழுதுவது அங்கே வழக்கம்.

3. சொல்லைப் பிடியுங்கள். சும்மா ஒரு சொல்லைத் தேடினால் எல்லாப் பதிவும் கிடைக்காது. தேடலில் வர ஒப்புக்கொண்டவர்களின் பதிவு மட்டுமே வரும். ஆனால் ஹேஷ்டேக் போட்ட பொதுப் பதிவைத் தேடலாம். அந்த ஹேஷ்டேக்கையே பின்தொடரவும் செய்யலாம். பனையோலை என்று தமிழிலும் தேடுங்கள். கூடை முடைதலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பாஸ்கெட்ரி என்ற சொல்லையும் போடுங்கள்.

4. ஒருவர் கிடைத்தால் அவர் வழியாகப் போங்கள். அவர் யாரோடு பேசுகிறார், யார் பதிவைப் பகிர்கிறார் என்று பாருங்கள். ஒரு கைத்தொழில்காரருக்கு இன்னும் நாலு பேரைத் தெரிந்திருக்கும்.

5. பேசுங்கள். பார்த்துவிட்டு மட்டும் வந்தால் உறவு வளராது. படம் போடும்போது அதில் என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள். கண் தெரியாதவர்களுக்காக அங்கே பலர் இதைச் செய்கிறார்கள்.

மூன்று வாரத்தில் நடந்தது

அந்தச் சகோதரியும் நாங்களும் சேர்ந்து இதைச் செய்து பார்த்தோம். முதல் வாரம் ஒருவரும் வரவில்லை. "இது வேலைக்கு ஆவாது மேடம்" என்றார். இரண்டாம் வாரம், பாஸ்கெட்ரி என்று போட்ட படத்துக்குக் குளிர் நாட்டிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினார். அவர் குச்சியில் கூடை பின்னுகிறவர். மழைக்காலத்தில் பெட்டியில் பூசணம் பிடிப்பதைப் பற்றிக் கேட்டோம். ஓலையை நன்றாக உலர்த்துங்கள், ஈரம் போகும் முன் மூடாதீர்கள் என்றார். எங்கள் மகளிரில் ஒருவரின் கல்லூரி படிக்கும் மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

மணப்பாடு அக்கா கிடைக்கவில்லை. தமிழில் எழுதுவோர் அங்கே குறைவு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆனால் மூன்றாம் வாரம் அவர் அம்மாவின் பழைய பெட்டியின் மூடியை நாலு பக்கமும் படம் எடுத்துப் போட்டார். பின்னல் எங்கே தொடங்குகிறது என்று இரண்டு பேர் அந்தப் படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். இப்போது பாதி மூடி வருகிறது.

கவனம் தேவை

• இங்கும் சர்வர்கள் மூடப்படும். மஸ்டோடான்.டெக்னாலஜி என்ற சர்வர் 2022-ல் மூடியது. முன்பே அறிவித்ததால் உறுப்பினர்கள் வேறு சர்வருக்குப் போக முடிந்தது. வீடு மாறும்போது பின்தொடர்பவர்களைக் கூட்டிப் போகலாம். பழைய பதிவுகள் வராது. நகல் எடுத்து வையுங்கள்.

• தனிச்செய்தி முழு ரகசியம் அல்ல. சர்வர் நடத்துபவர் நினைத்தால் பார்க்க முடியும். ஆதார், ஓடிபி, வங்கிப் புத்தகம், குழந்தைகள் படம் எதையும் போடாதீர்கள்.

• பண மோசடி நடந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

• இருக்கும் வாட்ஸ்அப் குழுவை விட வேண்டாம். நெருங்கிப் பழகியவரின் இன்னொரு தொடர்பையும் நோட்டில் எழுதி வையுங்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுங்கள்

1. நம் குழுவில் யாருக்கு என்ன அரிய கைத்தொழில், விதை, மருந்து, பாட்டு தெரியும்?
2. அதைத் தெரிந்த வேறு ஆட்களைத் தேட எந்தச் சொல்லைப் போடுவோம்?
3. நாளைக்கு நம் ஃபோன் கணக்கு மூடினால் யாரையெல்லாம் இழப்போம்? அவர்கள் பெயரை இன்றே எழுதுவோமா?

பதில்களைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கொண்டு வாருங்கள். மணப்பாடு பக்கம் ஓலை முடையும் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். எளாவூரில் ஒருவர் காத்திருக்கிறார்.