வளர்ப்பு முயல் எதிர்பாராது ஈன்றுவிட்டால்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களிற் பிள்ளைகளின் விருப்பத்துக்காக ஒரு சோடி முயலை வாங்கி வளர்க்கும் வீடுகள் உண்டு. இரண்டும் பெண் என்று கூறி விற்கப்பட்டவற்றில் ஒன்று ஆணாயிருத்தல் புதுமையன்று. குட்டிப் பருவத்திற் பால் வேற்றுமையை அறிதல் பழகியவர்க்கும் கடினம். முயலின் சூற்காலமோ ஏறக்குறைய 31 நாள்களே. ஆதலால், வீட்டார் ஒன்றும் அறியாதிருக்கும்போதே ஒருநாட் காலையிற் கூட்டின் மூலையில் மயிர்க் குவியலும், அதனுள் நெளியும் செந்நிறக் குட்டிகளும் காணப்படும்.

மயிரின்றிக் கண்மூடிக் கிடக்கும் இவற்றைக் குறைமாதக் குட்டிகள் என எண்ணவேண்டா. நம் நாட்டுக் காட்டுமுயலின் குட்டி மயிரோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். வளர்ப்பு முயலோ ஐரோப்பாவில் வளை தோண்டி வாழும் வேறோர் இனத்தின் வழிவந்தது. அதன் குட்டிக்கு மயிர் அரும்ப ஏறக்குறைய ஒரு வாரமும், கண் திறக்க 10 முதல் 12 நாள்களும் செல்லும்.

ஆண்முயலை உடனே வேறு கூட்டுக்கு மாற்றுங்கள். ஈன்ற அன்றே தாய் மீண்டும் சினைப்படக்கூடும். இதைப் பிற்போட்டவர் அடுத்த மாதமும் குட்டிகளை எண்ணவேண்டி வரும்.

ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமுமுள்ள மரப்பெட்டியில் உலர்ந்த மெல்லிய வைக்கோலை இட்டு, கைகளைக் கழுவியபின் குட்டிகளையும் தாய் பறித்த மயிரையும் அதனுள் வையுங்கள். இறந்தவற்றை அகற்றிவிடுங்கள். மனிதர் கைபட்டால் தாய் குட்டிகளை வெறுத்துவிடும் என்பர். அமைதியாக ஒருமுறை தொடுவதால் அவ்வாறு நேர்வதில்லை. மருதமுனைப் பக்கத்திற் கைத்தறிக் கழிவுநூல் எளிதிற் கிடைக்கும். மென்மையானதென்று அதனைப் பெட்டியில் இடாதீர்கள். நூல் குட்டியின் காலிற் சுற்றி இறுகினால் இரத்தவோட்டம் தடைப்பட்டுக் கால் அழுகிவிடும்.

இனி, பெரும்பாலோர் தவறும் இடம் ஒன்றுண்டு. தாய் பகல் முழுவதும் குட்டிகளை அணுகாது. அதைக் கண்டு, கைவிட்டுவிட்டதென அஞ்சிப் பசுப்பாலைப் புகட்டுகின்றனர். பால் மூச்சுக்குழலிற் புகுந்து குட்டி இறந்துபோகிறது. முயல் நாளொன்றுக்கு ஒருமுறை, பெரும்பாலும் இரவிலோ விடியற்புறத்திலோ, சில நிமிடமே பாலூட்டும். அது அதன் இயல்பு. காலைதோறும் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு நிறைந்திருந்தாற் பால் குடித்திருக்கிறது. வயிறு ஒட்டித் தோல் சுருங்கியிருந்தால் முதலிற் குளிர் நீங்க வெதுவெதுப்பான துணியாற் பொதிந்து, தாமதியாது கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள்.

எறும்பு ஏறாதிருக்கக் கூட்டின் கால்களை நீர் நிரம்பிய பேணிகளில் நிறுத்தலாம். நுளம்பு பெருகாதவாறு அந்நீரை மூன்று நாளுக்கொருமுறை ஊற்றிவிட்டுப் பேணிகளைத் தேய்த்துக் கழுவி நிரப்புக. கச்சான் காற்று வீசும் மாதங்களிற் கூட்டை மர நிழலிலும், வாடைமழைக் காலத்திற் சாரல் படாத தாழ்வாரத்திலும் வைக்கவேண்டும்.

பாலூட்டும் தாய்க்கு நீர் மிகுதியாக வேண்டும். புல்லும் வற்றாளைக் கொடியும் நல்லுணவு. மரவள்ளி இலை ஆகாது. கிருமிநாசினி தெளித்த வயலின் வரப்புப் புல்லை எக்காரணத்தாலும் அறுத்துவராதீர்கள். குட்டிகள் மூன்றாம் வாரத்திற் பெட்டியைவிட்டு வெளிவந்து புல்லைக் கடிக்கத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்திற் பால் மறக்கச் செய்யலாம். மூன்று மாதம் நிறையுமுன் ஆண்குட்டிகளை அறிந்தவரைக் கொண்டு இனங்கண்டு, வேறு கூட்டில் அடைத்துவிடுங்கள்.